வெட்டிய காயில்

மகன் கரண்ட் அடுப்பைப் போட்டதும் ஃபியூஸ் போயிற்று. கருகிய அந்த வாடையில் நான் சின்ன வயதில் இருந்த மலை ஊர் வளப்பூர் நாட்டுக்கே போய்விட்டேன்.

அங்கே வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு ஓடைத் தண்ணீரில் டைனமோ ஓட்டியவர் என் அப்பா. துரையின் புதுக் கரண்ட் அடுப்பு முதலில் நன்றாக எரிந்தது; பிறகு போடும்போதெல்லாம் ஃபியூஸ் போனது. பழி அப்பாமேல் விழுந்தது.

“உனக்கு ஓட்டத் தெரியலே. மிளகு பறிக்கப் போ” என்றார் துரை.

சாமைச் சோறு கொண்டுபோன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அப்பா புது ஃபியூஸ் கம்பி கட்டி அடுப்பைப் போட்டார். அது உருகுமுன் மீட்டர் முள் இரண்டையும் பார்த்துக்கொண்டார். நூறு வோல்ட், ஐந்து ஆம்பியர்.

“நூறை அஞ்சால வகுத்தா இருபது ஓமுங்க. அடுப்பு வந்தன்னிக்கு நாலு ஆம்பியர்தானுங்க இழுத்துச்சு, இருபத்தஞ்சு ஓம். நானூறு வாட் அடுப்பு இப்ப ஐநூறு வாட்டா எரியுதுங்க. அடுப்போட கம்பிச் சுருள், அந்தக் காயில்ல அஞ்சுல ஒரு பங்கைக் காணோமுங்க.”

சமையல்காரர் மிளகு டப்பாவுக்குள் கைவிட்டு, ஒரு துண்டுக் காயிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அறுந்துபோன இடத்தை வெட்டிவிட்டு, மிச்சத்தை முறுக்கிச் சேர்த்திருக்கிறார்.

துரை நாற்காலியை அப்பா பக்கம் நகர்த்தினார்.

“வேலை கெடக்குதுங்க” என்று அப்பா டைனமோவுக்கு நடந்தார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன்.

இங்கே மகன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடக் கிளம்பினான்.

“காயிலை எவ்வளவு வெட்டினே கண்ணு?” என்றேன்.