மீனுக்கு அரை மணி நேரம்

வண்ண மீன் விற்கும் சக பாவிகளே, உங்களுக்கே தெரியும்: மீன் செத்தால் வாங்கியவர் மீனைக் குறை சொல்லமாட்டார், நம்மைத்தான் சொல்வார்.

வரவேற்பு

அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் கடை போட்ட புதிதில், காலையில் ஷட்டரைத் தூக்கியதும் எல்லா விளக்கையும் ஒரேயடியாகப் போட்டுவிடுவேன். மீன்கள் தறிகெட்டு ஓடிக் கண்ணாடியில் முட்டும். முதலாளியைக் கண்ட சந்தோஷம் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் கூட வந்த என் மனைவி சொன்னாள்: “உங்களப் பாத்த சந்தோசத்துல யாருங்க போயி செவுத்துல முட்டிக்கிருவாக?”

ஷிப்டு

அந்தக் கேள்வி குத்தியது. மீன்வளம் படித்த நண்பரிடம் கேட்டுத் தெளிந்தேன். மீனுக்கு மூட இமை இல்லை. பெரும்பாலான மீன்களுக்குக் கண்மணியும் சுருங்காது. அதனால் கண்ணுக்குள் ஒளியை உணரும் செல்களே இடம் மாறுகின்றன. வெளிச்சம் வந்தால் இருட்டுக்கான செல்கள் நீண்டு, பின்னால் உள்ள கருநிறப் படலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பகலுக்கானவை முன்னால் வரும். இருட்டினால் நேர்மாறு. இதற்கு அரை மணியாவது வேண்டும், அதுவரை மீன் திணறும். இதை ஒரு மில் தொழிலாளியிடம் சொன்னேன். சட்டென்று பிடித்துக்கொண்டார்: “ஷிப்டு ஆளு மாறுறதுக்குள்ள மெசின ஓட்டுனா நூலு அறுந்துதானண்ணே போகும்!”

கறுப்புத் துணி

திருச்சுழியில் மெஸ் நடத்தும் அண்ணாச்சி ஒருவர், சாப்பிட வருகிறவர்கள் கண் பட்டுவிடும் என்று மீன் தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவைப்பார். தெரிந்தவர் வந்தால் மட்டும் சடாரென்று உருவிக் காட்டுவார். மூன்று மீன்கள் முட்டி முட்டியே செத்தன. “கண்ணு தெரியாத மீன வித்துட்டீரு! இன்னொண்ணு செத்துச்சு, தொட்டிய பஸ்ஸுல ஏத்தியாந்து உம்ம கடை வாசல்லயே போட்டுருவேன்” என்று போனில் கத்தினார். போட்டால் அருப்புக்கோட்டை முழுக்க என் பெயர் நாறிவிடும்.

மதியம் நேரில் போனேன். மெஸ் நிறைய ஆட்கள். “அரை மணி நேரம் குடுங்க அண்ணாச்சி, ஒண்ணுகூட முட்டாது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். சில நிமிடங்களுக்கு ஒருமுறை துணியை நாலு விரல், நாலு விரலாகச் சுருட்டினேன். கடைசியில் வாசல் வெளிச்சம் முழுக்கத் தொட்டியில் விழுந்தது. மீன்கள் சாவகாசமாக நீந்தின. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

அடுத்த வாரம் போனபோது அண்ணாச்சி, மீனைக் காட்டச் சொன்ன ஒருவரிடம், துணியை நாலு விரல் சுருட்டிவிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: “அவுக கண்ணு தயாராக அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள ரெண்டு பரோட்டா சாப்பிடுங்க.”

மீனின் கண்ணுக்குள் செல்கள் இடம் மாறுகிற நேரத்துக்குள் என் மானமும் பிழைத்தது, அண்ணாச்சியின் பரோட்டாவும் விற்றது.