பொட்டு வைத்த மூன்று ஃப்ளாப்பிகள்

எங்கள் அணுமின் நிலையத்தில் ஒரு பம்ப் நின்றால் இன்னொன்று ஓட வேண்டும். அதுவும் நின்றால் மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பற்றிக் கவலைப்படத்தான் எனக்குச் சம்பளம். அப்படிப்பட்டவன், சதுரங்கப்பட்டினம் பக்கத்துக் குவார்ட்டர்ஸில் என் சொந்தக் கம்ப்யூட்டருக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிது. பக்கத்து வீடுகளிலெல்லாம் திரையில் பச்சைப் புல்வெளி தெரிந்தது; எங்கள் வீட்டில் மட்டும் பழைய தொண்ணூற்றெட்டு. எனக்கு வயிற்றெரிச்சல். பள்ளிக்கூட டீச்சரான என் மனைவி மதுராந்தகம் ஏரிப் பாசனத்தைப் பற்றி எம்.ஃபில். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். நாலு மாதமாக அவளே அடித்தது, முழுக்க அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது.

"அடுத்த திங்கக்கிழமை கொடுக்கணுங்க. அதுக்கப்புறம் மாத்தக் கூடாதா?" என்றாள்.

"விஜயதசமியை விட்டா வேற நல்ல நாள் ஏது? எல்லாத்தையும் மூணு ஃப்ளாப்பியில மூணு காப்பியா ஏத்திட்டேன். பேக்கப் எடுக்கிறதைப் பத்தி எனக்கே சொல்றியா?"

முதல்நாள் ஆயுத பூஜை. ஸ்கூட்டர், கத்தரிக்கோல், கிரைண்டர் எல்லாவற்றுக்கும் நானே சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். மூன்று ஃப்ளாப்பிகளையும் சரஸ்வதி படத்தின் முன் வைத்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பளபளவென்றிருந்த நகரும் தகட்டின் மேல் பொட்டு எடுப்பாக இருக்குமென்று பட்டது. தாராளமாகவே வைத்தேன்.

மறுநாள் நல்ல நேரம் பார்த்து, செங்கல்பட்டுக் கடையிலிருந்து மெக்கானிக் வந்தார்.

"பழசு மேலயே போட்டா பேஜாரு சார். சுத்தமா தொடச்சிட்டுப் போட்லாம். காப்பி எத்து வெச்சுகினீங்களா?"

"எங்க வேலையே அதுதான்" என்றேன்.

துடைத்தார். பச்சைப் புல்வெளி வந்தது. மனைவி எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள். பிறகு முதல் ஃப்ளாப்பியைச் செருகினார். மாவு மில் சத்தம் கேட்டது. இரண்டாவது, மூன்றாவது, அதே சத்தம். வெளியே எடுத்துத் தகட்டை விலக்கிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, இதுக்குப் போய் சந்தனம் வெச்சுகீறீங்க? உள்ளாற பூந்து காஞ்சி கீது!"

மனைவி கேசரிக் கிண்ணங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

செங்கல்பட்டிலிருக்கும் கைடிடம் திருத்தக் கொடுத்திருந்த பிரிண்ட் அவுட் ஒன்றுதான் மிச்சம். பஸ் பிடித்துப் போய் வாங்கி வந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூடம், நான் லீவு போட்டேன். ஐந்து நாள், இரண்டே விரலால், எண்பத்தாறு பக்கம். அந்த ஏரியின் ஒவ்வொரு மதகும் எனக்கு அத்துப்படி ஆயிற்று.

முன்பக்கங்களைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாலை நன்றியுரைக்கு வந்தேன். 'கணிப்பொறித் தொல்லைகள் எதுவும் என்னை அண்டாமல் காத்த என் கணவருக்கு' என்று எழுதியிருந்தாள். இரண்டு முறை படித்தேன். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அதை அடித்து முடித்தேன்.

பின்னால் வந்து நின்று படித்தாள்.

"அந்த வரியை எடுத்துடுங்க."

"ஏம்மா?"

"ஆதாரம் இல்லாம எதையும் எழுதக் கூடாதுன்னு கைடு சொல்லியிருக்காரு."

எடுத்துவிட்டேன்.