கப்பல் குசினிக்காரரின் படம்

போனில் இடமில்லையாம். தேவையில்லாத படங்களை அழிக்கச் சொல்லி ஒரு வாரமாக நச்சரிக்கிறது. நேற்று மழையில் வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்து அழிக்கத் தொடங்கினேன். கலியாண வீட்டுப் புரியாணி ஏழு, வெள்ளிக்கிழமை வாழ்த்துகள் எண்ணிக்கை இல்லை. நடுவில் என் பெருவிரல் மட்டும் விழுந்த கலங்கல் படம் ஒன்று. அதை அழிக்கக் கை வரவில்லை. சொல்ல வெட்கமான கதைதான். உங்களிடம் சொல்வதில் என்ன?

என் மருமகன் றிஸ்வான் பொத்துவில் பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு வாகனம் வாடகைக்கு விடுபவர். பழைய வேன் ஒன்றுக்குள் கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் பொருத்தி 'கரவன்' என்று எழுதி வைத்திருக்கிறார். வெயில் காலத்தில் அதைக் கண்ணால் காண முடியாது. போன மாரி தொடங்கி, அலையில் சறுக்க வந்தவர்கள் ஊர் திரும்பியதும்தான் எங்களுக்குக் கிடைத்தது. "சும்மா தானே மாமா நிக்கிது, மூத்தம்மாவையும் ஏத்திட்டு ஒரு சுத்து சுத்திட்டு வருவம்" என்றார். ஓசிப் பயணம், கூடவே ஓசி மழை.

மூத்தம்மா என்று அவர் சொன்னது என் உம்மாவை. எண்பது வயது உம்மா ஏறியதும் முதலில் பார்த்தது கக்கூஸைத்தான். "அடுப்புக்குப் பக்கத்திலயா மனே இத வெச்சிரிக்கானுகள்?" பயணம் முடியும்வரை அந்தக் கதவைத் திறக்க யாரையும் விடவில்லை. கக்கூஸுக்காகப் பெற்றோல் ஷெட்டுக்குப் பெற்றோல் ஷெட் நனைந்துகொண்டு இறங்கினோம். கூரை ஓட்டை வழியாக என் தலையணையில் மட்டும் ஒழுகியது. ஈர மெத்தை வாடையும் டீசல் வாடையும் சேர்ந்து வர, மூக்கைப் பொத்திக்கொண்டு படுத்தேன். வாப்பா இந்த வாடையில்தான் வருடக்கணக்காகச் சமைத்திருப்பார் என்று அப்போது தோன்றியது.

வாப்பா சரக்குக் கப்பலில் குசினி வேலை பார்த்தவர். எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காய்ச்சலில் மௌத்தாகிவிட்டார். கப்பல் தட்டில் பன்னிரண்டு பேர் நிற்கும் படம் ஒன்று எங்கள் கல்முனைக்குடி வீட்டுச் சுவரில் தொங்கியது. இடது ஓரத்தில் அகப்பையோடு நிற்பவர்தான் வாப்பா. இருபது வயதில் எனக்கு மார்க்கம் தலைக்கேறியிருந்தது. உருவப்படம் தொங்கும் வீட்டுக்கு வானவர்களான மலக்குகள் வரமாட்டார்கள் என்று உம்மாவுக்கே பாடம் எடுத்தேன். அந்தப் பக்கம் கண்ணைத் திருப்புவதைக்கூட விட்டுவிட்டேன். அந்த நாட்களில் கடலோடிகளின் பழைய படங்களைச் சேகரிக்க ஒரு நூதனசாலையிலிருந்து ஆள் வந்தார். கழற்றிக் கொடுத்துவிட்டேன்.

"அவர நான் இனி எங்க பாக்கிற?" என்று உம்மா கேட்டார்.

"சுவர்க்கத்துல" என்றேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. மிச்சமிருந்த வாப்பாவின் அடையாள அட்டைப் படத்தையும் சுனாமி வந்த அன்று கடல் கொண்டுபோனது. அதற்குப் பிறகு உம்மா அதைப் பற்றிக் கதைத்ததே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை. எப்படியாவது அந்த முகத்தை உம்மாவுக்கு ஒரு தடவை காட்டிவிட வேண்டும் என்றுதான் கரவனில் ஏறினேன்.

தெற்குக் கரையில் முதல் நூதனசாலை, அன்று படத்தை வாங்கிப் போனது. கொட்டும் மழையில் உம்மாவைக் குடைக்குள் அணைத்து உள்ளே கூட்டிப்போய் மூன்று அறைகளைச் சுற்றினேன். நங்கூரம், பீரங்கி, திமிங்கில எலும்பு. படம் மட்டும் இல்லை. படங்களெல்லாம் வேறு நூதனசாலைக்குப் போய்விட்டன என்று டிக்கட் கிழிப்பவர் சாவகாசமாகச் சொன்னார். டிக்கட் கிழிப்பதற்கு முன்பு சொல்லியிருக்கலாம்.

இன்னும் இரண்டு மணி நேர ஓட்டம். இரண்டாவது நூதனசாலையில் படங்கள் மேல்மாடியில். ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய செங்குத்தான மரப்படி. உம்மாவின் முழங்கால் முதல் படியிலேயே மறுத்துவிட்டது. தூக்கிக்கொண்டு போகிறேன் என்றார் றிஸ்வான். "பேத்திர புருசன்ட தோளுல ஏறவா? போடா அங்கால!" என்று உம்மா கரவனுக்கே திரும்பிவிட்டார்.

நான் ஏறினேன். கடைசிச் சுவரில் இருந்தது. கப்பித்தானின் பெயரை எழுதி, கீழே 'ஏனைய ஊழியர்கள்' என்று போட்டிருந்தார்கள். அகப்பை கண்ணில் பட்டதும் போனைத் தூக்கினேன். காவலாளியின் கை குறுக்கே வந்தது. பெருவிரல் படம் அப்போது விழுந்ததுதான்.

"படம் எடுக்க ஏலாது."

"அது எங்கிட வாப்பா, ஐயா. உம்மா கீழ இரிக்காங்க, படி ஏற ஏலாது."

"கடிதம் எழுதி அனுமதி எடுங்க."

கெஞ்சினேன், கத்தினேன், கடைசியில் என்னை இறக்கிவிட்டார்கள். சண்டை பிடித்த நேரத்தில் அந்த முகத்தைப் பார்த்திருக்கலாம். நான் பார்த்தது போனையும் காவலாளியையும்தான்.

உம்மா யன்னல் ஓரம் காத்திருந்தார். "கண்டயா மனே? எப்பிடி இரிக்காரு?"

"நல்லா இரிக்காரு உம்மா. சிரிச்சிட்டு நிக்காரு."

"அவருக்கு முன்பல்லு ரெண்டும் இல்ல மனே. படம் எண்டா வாய இறுக்கி மூடிக்கிருவாரு."

திரும்ப ஓடினேன். கதவு பூட்டியிருந்தது.

ஊருக்கு வந்து கடிதம் எழுதினேன். அனுமதி வர ஏழு மாதம் சென்றது. முத்திரை குத்தி, நல்ல தாளில்தான் அனுப்பியிருந்தார்கள். அதற்கு மூன்று கிழமைக்கு முன்பு உம்மா மௌத்தாகிவிட்டார். இந்த மாரிக்கும் றிஸ்வான் கூப்பிடுகிறார். போகலாம், படமும் எடுக்கலாம். ஆனால் அகப்பையோடு நிற்கும் அந்த மனிதரைத் தெரிந்தவர்கள் இப்போது ஒருவரும் இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.