துத்திக்கு ஒரு முதல் கையெழுத்து

"களைன்னு நெனச்சு துத்திச் செடி எல்லாத்தையும் வெட்டிட்டேன் சார்" என்று தோட்டக்காரர் ஆறுமுகம் வந்து நின்றபோது, ஆய்வுக் குழுவின் கார் கடலூரைத் தாண்டிவிட்டது.

நான் அப்போது சிதம்பரத்தில் ஒரு கல்லூரியின் அலுவலகக் கண்காணிப்பாளர். பழைய நூல்களில் வரும் செடிகளைத் தமிழ்த்துறையார் வளாகத்தில் வளர்த்துவந்தார்கள். துத்திக்குப் பெரிய பலகை. நாகம் விரிக்கும் படத்திலுள்ள புள்ளிகளுக்கும் அதே பெயர், கவிகள் விடாமல் பாடியிருக்கிறார்கள் என்றெல்லாம் அதில் எழுதியிருந்தது. இப்போது பலகைக்குக் கீழே வெறும் மண்.

முதல்வர் ஆறுமுகத்திடம், "கமிட்டி வர்றதுக்குள்ள செடி இருக்கணும். இல்லன்னா நாளையிலேருந்து நீ வரவேணாம்" என்றார். ஆறுமுகம் தற்காலிகப் பணியாளர். அவரை நீக்க மெமோகூட வேண்டாம். விதி எனக்குத் தெரியும்.

துத்தி குப்பைமேட்டில் முளைப்பது. தேவைப்படும் நாளில் மட்டும் கண்ணில் படாது. அலுவலக அறையில் போய்க் கேட்டேன்.

"துத்தியா? பாத்ததே இல்ல சார்" என்றார் அக்கவுண்டன்ட்.

"அதெல்லாம் நமக்கு எதுக்கு சார்?" என்றார் கேஷியர்.

இருவரும் கொஞ்சம் வேகமாகவே மறுத்தார்கள். புரிந்துவிட்டது. துத்தி இலையை நம் பக்கத்தில் மூலத்துக்குத்தான் தேடுவார்கள். செடி இருக்கும் இடத்தைச் சொன்னால் நோயையும் சொன்ன மாதிரி.

அலுவலகத்தில் முதல் கையெழுத்தை யாரும் போடமாட்டார்கள். ஒருவர் போட்டுவிட்டால் மற்றவை தானாக விழும். அறை நடுவில் நின்று சத்தமாகச் சொன்னேன்: "எனக்கு மூலம். துத்தி அவசரமா வேணும்."

"ரயில்வே கேட்டாண்ட பொதராட்டம் இருக்குது சார்" என்றார் அக்கவுண்டன்ட்.

"அங்க தூசு ஜாஸ்தி. நம்ம சைக்கிள் ஷெட்டு பின்னாடி பாருங்க, எல இளசா இருக்கும்" என்று திருத்தினார் கேஷியர். "வெளக்கெண்ணெயில வதக்கணும் சார், மறந்துடாதீங்க."

ஷெட்டுக்குப் பின்னாலிருந்து ஆறுமுகம் வேர்மண்ணோடு பெயர்த்து நட்டுத் தண்ணீர் ஊற்றவும், கார் உள்ளே நுழையவும் சரியாக இருந்தது. குழுத் தலைவர் பலகையைப் படித்துத் தலையாட்டினார். கிளம்பும்போது என்னைத் தனியே அழைத்தார்.

"இதுல நாலு எல பறிச்சுக்கலாமா? வீட்ல ஒருத்தருக்கு."

ஆறுமுகமே பறித்துக் கொடுத்தார். முதல்வர் பார்த்துக்கொண்டு நின்றார். "காலைல சீக்கிரம் வந்து தண்ணி ஊத்துப்பா, வாடிடப் போவுது" என்றார். எனக்கும் மூச்சு வந்தது.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வேன்: கோப்பு நகரவில்லையென்றால் முதல் கையெழுத்தை நீங்களே போடுங்கள். செலவு கொஞ்சம் உண்டு. எனக்கு மூலம் இருந்ததே இல்லை. ஆனால் என் பிரிவுபசார விருந்தில் எனக்கு மட்டும் தனியாகத் துத்திக் கூட்டு வைத்தார்கள். பரிமாறியவர் ஆறுமுகம்.

இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.