மூன்றாவது ஞாயிறு

பூண்டுலோயா மாதா கோவிலில் எனக்குத் தாலி கட்டியவன் இரண்டே வருடத்தில் என்னை விட்டுப் போனான். பிறகு மணமாகாதவன் என்று சொல்லி, தலவாக்கலையில் வேறொரு பெண்ணோடு கல்யாணம் நிச்சயித்துக்கொண்டான்.

எங்கள் திருச்சபையில் விவாகரத்து கிடையாது. தடை தெரிந்தவர்கள் சொல்வதற்காக, மூன்று ஞாயிறு பூசையில் திருமண அறிவிப்பை வாசிப்பார்கள். முதல் ஞாயிறே எனக்குச் செய்தி வந்துவிட்டது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்திலேயே முதன்முதலில் படித்து டீச்சரானவள் நான். என்னை உதறியவன் ஊரறிய நாற வேண்டுமென்று காத்திருந்தேன்.

மூன்றாம் ஞாயிறு தலவாக்கலைக் கோவில் பூசையில் அறிவிப்பை வாசித்ததும் எழுந்து, "ஃபாதர், அவரு என் புருசன்" என்று கல்யாணச் சான்றிதழை நீட்டினேன்.

"அடப்பாவி, பொண்டாட்டி இருக்கயிலயா மாப்பிள்ளை வேசம்?" என்று ஒருத்தி கத்தினாள். அவன் தலை தொங்கியது. எனக்கு இனித்தது.

வாசலில் அவனுக்கு நிச்சயித்த பெண் என்னை நிறுத்தினாள்.

"அக்கா, உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத வாரமே."

"அப்பவே சொல்லியிருந்தா, நான் ஊரெல்லாம் கார்டு குடுத்திருக்க மாட்டேனே. நான் என்னக்கா செஞ்சேன் உங்களுக்கு?"



அவனை அவமானப்படுத்தியதை நான் இன்றுவரை ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதில்லை. அது பாவமென்று தோன்றவுமில்லை. அந்தப் பெண்ணிடம் மறைத்த இரண்டு வாரத்தை மட்டும், அழுதுகொண்டே சொன்னேன்.