வெங்காயப் பாத்தியில் ஒரு பேஸ்பால் மைதானம்

இல்ஃபோர்டில் நாங்கள் குடியிருக்கும் தெரு ஒருகாலத்தில் பேஸ்பால் மைதானமாக இருந்தது என்ற செய்தி, அங்கே குடிவந்து முப்பது வருடம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது. லண்டன் வயல்களை விழுங்கிக்கொண்டு வளர்ந்த நாட்களில், யாரோ ஒரு ஆசைக்காரர் வேலியடைத்து, பலகை இருக்கைகள் போட்டு, வெள்ளைக்காரருக்குப் பேஸ்பால் பழக்கப் பார்த்திருக்கிறார். சில கோடைகள் சனமும் வந்திருக்கிறது. பிறகு, பந்தைவிட வீடு லாபம் என்று கண்டு மைதானத்தைத் தெருக்களாக்கிவிட்டார்கள்.

வேலையிலிருந்து ஓய்வுபெற்றவனுக்கு இது போதாதா? நூலகத்தில் கூடும் உள்ளூர் வரலாற்றுக் குழுவில் சேர்ந்தேன். அவர்களிடம் இருந்த ஆதாரம் ஒரே ஒரு தாள். மைதானத்தின் எல்லைகள் அதில் வரிசையாக இருந்தன: பால்பண்ணை, செங்கல் சூளை, ஒடுங்கிய தெருவான ஒழுங்கை, மரக்கறித் தோட்டம். எது எந்தத் திசை என்று இல்லை. சூளையும் ஒழுங்கையும் சந்திக்கும் மூலையில் நின்றுதான் பந்தை அடிப்பார்கள் என்று மட்டும் எழுதியிருந்தது. குழுவினர் தலையைச் சொறிந்தார்கள். எனக்கோ சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் நொத்தாரிசு ஒருவரிடம் மூன்று வருடம் காணி உறுதிப் பத்திரங்கள் எழுதியவன் நான். எல்லை என்றால் கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு. உலகமே அந்த வரிசையில்தான் எழுதும் என்று நம்பியிருந்தேன். அப்படியானால் சூளை வடக்கு, ஒழுங்கை மேற்கு; பத்தே நிமிடத்தில் மூலையைக் கண்டுபிடித்தேன். அது என் வீட்டுப் பின்வளவில், வெங்காயப் பாத்தியில் இருந்தது.

"பின்னை வேறை எங்கை இருக்கும்? உங்கட வளவுக்கைதானே எல்லாம்," என்றாள் மனைவி. அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு ஆங்கிலேய அம்மையாருக்கு எண்பத்தெட்டு வயது. அவருடைய அப்பா அந்த மைதானத்தில் ஆடியவர். அம்மையாருக்கு நினைவு தெரியும் முன்பே போரில் இறந்துபோனார். மட்டையோடு நிற்கும் ஒரு படம்தான் மிச்சம். அம்மையார் அடுத்த வாரம் தன் மகளோடு இருக்க வேறு ஊருக்குப் போகிறார், இனி வரமாட்டார். போகுமுன் அப்பா நின்ற இடத்தில் ஒருதரம் நிற்க வேண்டும் என்றார். பூசகரின் மிடுக்கோடு அழைத்துப்போய்ப் பாத்தியில் நிறுத்தினேன். அவர் ஊன்றுகோலை மட்டையாகத் தூக்கிப் பிடித்தபடி அழுதார். எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாத குறைதான்.

அவர் புறப்பட ஒரு நாள் இருக்கும்போது, நூலகத்தில் ஒரு பழைய வரைபடம் கிடைத்தது. பால்பண்ணை வடக்கே இருந்தது. தாளை எழுதிய ஆங்கிலேயர் வடக்கில் தொடங்கிக் கிழக்கு, தெற்கு, மேற்கு என்று போயிருக்கிறார். உண்மையான மூலை நேரெதிரே தென்கிழக்கில், இப்போதைய சூப்பர்மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளை அடுக்கும் இடம்.

"சொல்லாதேங்கோ. அவ சந்தோசமாப் போகட்டும்," என்றாள் மனைவி.

சொன்னேன். அம்மையார் கோட்டைப் போட்டுக்கொண்டு என் கையைப் பிடித்தார். மெதுவாக நடந்துபோய்த் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நின்றோம். ஒருவர் மன்னிப்புக் கேட்டு எங்களை விலக்கி வண்டியொன்றை இழுத்துக்கொண்டு போனார்.

"உங்கள் தோட்டத்தில் அப்பா இருந்தார்," என்றார் அம்மையார். "இங்கே யாரும் இல்லை. ஏன் சொன்னீர்கள்?"

உண்மை என்பதால் என்றேன். அது பொய். குழுவில் வேறு யாராவது பிழையைக் கண்டுபிடித்து என்னைப் பார்த்துச் சிரிக்குமுன் நானே சொன்ன நல்லவனாகிவிட வேண்டும், அவ்வளவுதான். அதற்காக அந்தக் கிழவியிடமிருந்து அவருடைய அப்பாவைப் பறித்துவிட்டேன். வெட்கமாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

திரும்பும் வழியில், பாத்தியில் இன்னொருதரம் நிற்கலாமா என்று கேட்டார். வீடு வந்ததும் அவர் பாத்திக்குப் போக, பின்னாலேயே விளக்கம் சொல்லப் போன என்னை மனைவி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வாயை மூடிக்கொண்டு உள்ளை வாங்கோ."

குசினி ஜன்னலால் பார்த்தேன். அம்மையார் நெடுநேரம் அங்கே நின்றார். இந்தமுறை அவர் அழவில்லை.