பதினோரு பெயரும் ஒரு கையெழுத்தும்

கிரிக்கெட்டில் எவர்ஸ்லி கிட்டன்ஸுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அப்படித்தான் அவரே சொல்வார். பார்படோஸ் அணிக்கு ஒன்பது ஆட்டம் ஆடியவர். பிறகு பதினோரு கோடைகள் இங்கிலாந்துக்குப் போய், அங்கே சிற்றூர் கிளப்புகளுக்குச் சம்பளத்துக்கு ஆடினார். அந்த ஊர்களில் ரொட்டி சுடுகிறவர், பள்ளிக்கூட வாத்தியார், பால்காரர் என்று பத்துப் பேர் சும்மா ஆடுவார்கள். காசு வாங்குகிறவன் ஒருவன்தான். ஆகவே பந்து போடுவது, ரன் எடுப்பது, தோற்றால் திட்டு வாங்குவது எல்லாம் அவன் தலையில் விழும். தலைமை என்று கிட்டன்ஸ் அங்கே கற்றுக்கொண்டது இதைத்தான்: மற்ற பத்துப் பேரும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

ஊர் திரும்பியதும் செயின்ட் ஃபிலிப்பில் மரைனர்ஸ் கிளப்புக்குக் கேப்டன் ஆனார். பதினான்கு வருடம் ஆகியும் இறங்கவில்லை. வயது ஐம்பத்திரண்டு. இடது முழங்காலில் ஜவ்வு தேய்ந்து எலும்பு எலும்போடு உரசுகிறது. சனிக்கிழமை காலை அவர் மனைவி வெரோனா அதைத் துணியால் இறுக்கிக் கட்டிவிடுவாள். ஞாயிறன்று அவிழ்க்கும்போது சீமைப்பலாக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும். வாரநாட்களில் ஓட்டல்காரர்களும் இன்சூரன்ஸ்காரர்களும் அவரைக் கூப்பிட்டுத் தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொல்வார்கள். ஒருமுறை சவ அடக்கம் செய்யும் கம்பெனி ஊழியர்களுக்கும் பேசினார். எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான். “நல்ல தலைவன் தன் பெயரைக் கடைசியில்தான் எழுதுவான்” என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். கைதட்டலுக்கு.

அந்த வருடம் கடைசி ஆட்டத்தில் தோற்றால் மரைனர்ஸ் முதல் பிரிவிலிருந்து கீழே இறங்கிவிடும் என்ற நிலை. கிளப் தலைவி ஒடெஸ்ஸா கில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை, வியாழக்கிழமையே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷம் நீயே கேப்டன். தோத்தா பேட்டைத் துடைச்சுப் பரண்ல போட்டுடு.”

“நான் இருக்கறப்போ தோப்போமா, மேடம்?”

“நீ இருந்துதான் ஏழு ஆட்டம் தோத்திருக்கோம்.”

சனிக்கிழமை காலை மைதானத்தில் உட்கார்ந்து ஆட்டக்காரர் பட்டியலை எழுதினார் கிட்டன்ஸ். பஸ் ஓட்டுகிற செல்வின், வண்டி வழியில் நின்றுவிட்டது, வர முடியாது என்று போன் செய்தான். அவனுக்குப் பதிலாக மைதானம் பார்த்துக்கொள்ளும் ஹைண்ட்ஸின் பெயரை எழுதினார். அரைமணி கழித்துச் செல்வின் யாருடைய பைக்கிலோ தொற்றிக்கொண்டு வந்துசேர்ந்தான். சரி என்று அவன் பெயரையும் எழுதினார். ஹைண்ட்ஸின் பெயரை இனி அடிக்க வேண்டும். அதற்குள் மதியச் சாப்பாடு வந்துவிட்டது: எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பன்றிக்கறியும் சர்க்கரைவள்ளிப் புட்டும். சனிக்கிழமைக் கறியைக் கேப்டன்தான் முதலில் ருசி பார்ப்பது வழக்கம். பார்த்தார். “உப்பு கம்மி” என்றார். திரும்பி வந்து பெயர்களை எண்ணினார். பதினொன்று இருந்தது. அடியில் கையெழுத்துப் போட்டார். ரசிகர்களுக்குப் போட்டுப் பழகிய கையெழுத்து, பாதித் தாளை அடைத்துக்கொண்டது. அம்பயரிடம் கொடுத்துவிட்டு டாஸ் ஜெயித்து, பந்துவீசுவது என்று முடிவு செய்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு இறங்கினார்.

எல்லைக் கயிற்றருகே எதிரணிக் கேப்டன் ருடால்ஃப் அலெய்ன் தாளோடு நின்றிருந்தான். ஒருகாலத்தில் மரைனர்ஸில் இருந்தவன். மூன்று வருடம் அவனை எல்லைக் கோட்டிலேயே நிற்கவைத்து, பந்தைத் தொடவே விடாதவர் கிட்டன்ஸ்.

“எங்க கிளம்பிட்டீங்க, கேப்டன்? இதுல உங்க பேரு இல்லையே.”

“கீழ பாரு, எவ்வளவு பெருசா இருக்கு.”

“அது கையெழுத்து. மேல பதினோரு பேரு இருக்கு. ஹைண்ட்ஸ்கூட இருக்கார்.”

அம்பயர்கள் இருவரும் எண்ணினார்கள். பட்டியல் கொடுத்தபின் மாற்ற வேண்டுமானால் எதிரணிக் கேப்டன் சம்மதிக்க வேண்டும், அதுதான் சட்டம். கிட்டன்ஸ் வாயைத் திறந்து கேட்கவும் செய்தார்.

“சம்மதிக்க மாட்டேன்” என்றான் அலெய்ன். “எல்லைக்கு இந்தப் பக்கம் நல்ல காத்து வரும், கேப்டன். நான் மூணு வருஷம் வாங்கியிருக்கேன்.”

ஆக, துணைக் கேப்டன் டைரெல் கடோகன் அணியைக் கூட்டிக்கொண்டு போனான். விக்கெட் கீப்பர்; தபால் ஆபீசில் வேலை. ஒன்பது வருடமாகத் துணைக் கேப்டன். அதில் அவன் செய்ய அனுமதிக்கப்பட்டது பந்துகளை எண்ணிப் பெட்டியில் வைப்பது மட்டும்.

தண்ணீர் இடைவேளையில் கிட்டன்ஸ் தட்டைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனார். நாலு நிமிடம் அறிவுரை சொன்னார்.

“தண்ணி குடுத்தாச்சுல்ல? தட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க” என்றார் அம்பயர்.

போகும்போது கடோகன் பந்துவீசுகிறவனிடம் பேசுவது காதில் விழுந்தது. “நீ என்ன நினைக்கற? யாரை எங்க நிறுத்தலாம்?” அந்த மைதானத்தில் பதினான்கு வருடமாக யாரும் கேட்காத கேள்வி. பந்துவீசுகிறவன் முதலில் தன்னைத்தான் கேட்கிறான் என்று நம்பவில்லை.

எதிரணி நூற்று எண்பத்தேழு எடுத்தது. மரைனர்ஸ் துரத்தத் தொடங்கியதும் கிட்டன்ஸுக்கு ஒரு சங்கடம் வந்தது. ஜெயித்தால்தான் பதவி தங்கும். ஆனால் அவரில்லாமல் ஜெயித்தால் அது பார்க்க நன்றாக இருக்காது. ஒவ்வொரு பவுண்டரிக்கும் கை தட்டப் போய்ப் பாதியில் நிறுத்தினார். விக்கெட் விழுந்தபோது முகம் மலர்ந்துவிட்டதோ என்று பயந்து தொப்பியை இறக்கிக்கொண்டார்.

“வலிக்குதா?” என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த வெரோனா.

“இல்ல.”

“அப்ப மூஞ்சியை ஏன் அப்படி வெச்சிருக்க?”

இரண்டு விக்கெட் மீதி இருக்க மரைனர்ஸ் ஜெயித்தது. வெற்றி ரன்னை எடுத்தது ஹைண்ட்ஸ். பந்து மட்டையின் ஓரத்தில் பட்டு எங்கேயோ ஓடியது.

கிளப் அறையில் கூட்டம். ஒடெஸ்ஸா கில் எழுந்தாள். “சொன்னது சொன்னதுதான். ஜெயிச்சாச்சு, அதனால கிட்டன்ஸ் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பேரு எப்படிப்பா விட்டுப்போச்சு?”

அறை முழுக்க அவரைப் பார்த்தது. மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிரித்திருப்பார்கள், ரம் ஊற்றிக் கொடுத்திருப்பார்கள், விஷயம் முடிந்திருக்கும். கிட்டன்ஸ் எழுந்து நின்றார். ஓட்டலில் நிற்கிற நிற்பு.

“விட்டுப்போகல, மேடம். நானேதான் விட்டேன். கடோகன் தனியா நிக்கக் கத்துக்கணும். தலைவன்னா எப்ப விலகணும்னு தெரிஞ்சிருக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினார். இரண்டு பேர் கை தட்டினார்கள்.

தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “அப்படியா? நாங்கதான் தப்பா நினைச்சுட்டோம். நீயே முடிவு பண்ணிட்ட பிறகு நாங்க தடுக்கறது முறையில்ல. கேப்டன் பதவியைக் கடோகனுக்குத் தானாவே விட்டுக்கொடுத்தார்னு எழுதிக்கோங்க.”

இப்போது எல்லோரும் கை தட்டினார்கள். பலமாகவே தட்டினார்கள். கிட்டன்ஸ் தலை குனிந்து ஏற்றுக்கொண்டார். வேறு என்ன செய்வது?

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை வெரோனாதான் ஓட்டினாள். “மறந்துட்டேன்னு சொல்லியிருந்தா உன் பதவி இருந்திருக்கும்.”

“எவர்ஸ்லி கிட்டன்ஸ் தன் பேரையே மறந்துட்டான்னு ஊர் சொல்லுமே, வெரோனா.”

“சொல்லத்தான் போறாங்க” என்றாள் அவள். “திங்கக்கிழமை டாக்டரைப் பார்த்து முட்டி ஆபரேஷனுக்கு நாள் கேக்கறேன். இனிமே உனக்குச் சனிக்கிழமையில வேலை இல்ல.”